ஒரே ஒரு கல்ச்சர்: செயற்கை மூட்டுத் தொற்றின் அளவுகோல்களும் பகாங் மண்ணின் கிருமியும்

செயற்கை மூட்டில் கிருமி புகுந்துவிட்டதா என்று முடிவுகட்ட இன்று உலகெங்கும் புழங்கும் அளவுகோல்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருவானவை. அங்குள்ள நோயாளிகளின் மூட்டுகளில் வழக்கமாகக் குடியேறும் கிருமிகளை மனத்தில் வைத்தே அவற்றின் மதிப்பெண்கள் வகுக்கப்பட்டன. அந்த மதிப்பெண் முறையை மலேசியாவின் பகாங் மாநிலத்தில் அப்படியே கையாண்டால் ஒரு வகை நோயாளி நழுவிப் போக இடமிருக்கிறது. அவர் எந்தப் படியில் நழுவுகிறார் என்பதைக் காட்டி, அந்த ஓட்டையை அடைக்கப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை என்று வாதிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாற்று மூட்டு ஏன் இவ்வளவு எளிதில் சீழ் பிடிக்கிறது என்பதற்கு 1957இல் எலெக், கோனன் இருவரும் செய்த சோதனையைவிடத் தெளிவான சான்று வேறில்லை. தன்னார்வலர்களின் தோலுக்குள் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்தியபோது சீழ் கட்டப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. அதே தோலில் ஒரு பட்டு நூல் தையலைப் போட்டதும் நூறு கிருமிகளே போதுமானதாயின. ஒரு நூலுக்கே இப்படியென்றால், உள்ளங்கையளவு உலோகமும் பிளாஸ்டிக்கும் உட்கார்ந்திருக்கும் முட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிருமிகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றி வழுவழுப்பான படலம் ஒன்றைக் கட்டி, அதற்குள் அடங்கிக் கிடக்கின்றன. மூட்டு நீரில் மிதப்பவை கொஞ்சமே. ஊசி போட்டு எடுத்த நீரில் எதுவும் வளரவில்லை என்பதால் மூட்டு சுத்தமாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

படலத்தை உடைத்துப் பார்க்கும் வழியை டிராம்பூஸ் குழுவினர் 2007இல் வெளியிட்டனர். கழற்றி எடுத்த செயற்கை மூட்டை ஒலியலைத் தொட்டியில் அதிரவைத்து, உதிர்ந்ததைக் கல்ச்சர் செய்தபோது தொற்றுள்ளவர்களில் 78.5 விழுக்காட்டினரிடம் கிருமி அகப்பட்டது. வழக்கமான திசுக் கல்ச்சரில் அகப்பட்டது 60.8 விழுக்காடு. அறுவைக்கு முந்தைய 14 நாளுக்குள் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் முதல் முறையில் 75, இரண்டாவதில் வெறும் 45. கருவியின் பெருமைக்காக மேற்கோள் காட்டப்படும் ஆய்வு இது. முட்டி வீங்கியவுடன் அவசரப்பட்டு மாத்திரை கொடுப்பது எவ்வளவு கெடுதல் என்பதற்கு நல்ல சான்றும் இதுவேதான்.

ஆக, எந்தச் சோதனையும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. அதனால்தான் 2018இல் வெளியான அளவுகோல் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது. ஒரே கிருமி இரண்டு கல்ச்சரில் வளர்ந்தாலோ, மூட்டிலிருந்து தோல்வரை புரையோடியிருந்தாலோ தொற்று உறுதி. அவை இல்லாதபோது இரத்தத்தில் சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் 2, இ.எஸ்.ஆர். 30ஐத் தாண்டினால் 1, மூட்டு நீரில் வெள்ளணுக்கள் 3,000ஐ மீறினால் 3 என்று போகிறது கணக்கு. மொத்தம் 6 வந்தால் தொற்று. அறுவையின்போது எடுத்த மாதிரிகளில் ஒன்றில் மட்டும் கிருமி வளர்ந்தால் அதற்கு மதிப்பு 2தான்.

இந்த 2 சரியான மதிப்பே, கிருமி தோலில் வாழ்வதாக இருந்தால். மாதிரி எடுக்கும் கையிலிருந்தோ நோயாளியின் தோலிலிருந்தோ ஒரு ஸ்டாஃபிலோகாக்கஸ் எப்படியோ தட்டில் விழுந்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டில் அட்கின்ஸ் குழுவினர் 1998இல் ஐந்தாறு மாதிரிகள் எடுக்கச் சொன்னதும் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான்.

இனி கேமரன் மலையில் உள்ள திரிங்காப்புக்கு வருவோம். பிரிஞ்சாங்குக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில், தேயிலைச் சரிவுகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவே உள்ள ஊர் இது. நாற்பது ஆண்டு கொழுந்து பறித்து, பிறகு காய்கறித் தோட்டத்தில் களை பிடுங்கிய ஓர் அம்மாவை எண்ணிக்கொள்வோம். இனிப்பு நீர் உண்டு. ஈராண்டுக்கு முன் வலது முட்டி மாற்றப்பட்டது. இப்போது வலி, நடக்க முடியவில்லை. சி.ஆர்.பி. உயர்ந்திருக்கிறது: 2. இ.எஸ்.ஆர். உயர்ந்திருக்கிறது: 1. ஊசி போட்டால் நீர் வரவில்லை. அறுவையில் எடுத்த ஐந்து மாதிரிகளில் ஒன்றில் மட்டும் கிராம் நெகட்டிவ் கோல் வடிவக் கிருமி வளர்கிறது: 2. மொத்தம் 5. சீழும் இல்லை, திசு ஆய்வும் கைகொடுக்கவில்லை என்றால் ‘முடிவு சொல்ல முடியாது’ என்ற கட்டத்தில் அவர் நிற்கிறார். ஆய்வகம் அந்தக் கிருமியை ‘சூடோமோனாஸ் இனம், கலப்படமாக இருக்கலாம்’ என்று எழுதி அனுப்பினால் கதை முடிந்தது.

அது பர்கோல்டேரியா சூடோமாலியாக இருந்தால்? மெலியோய்டோசிஸ் நோயை உண்டாக்கும், ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி அது. 1911இல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோர் அதைக் கண்டார். மறு ஆண்டு வெளியான கட்டுரையில் அவருடன் கையொப்பமிட்டவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. நோய்க்குப் பெயர் வைத்தவர்கள் ஸ்டான்டனும் ஃபிளெட்சரும், 1921இல்; அவர்கள் வேலை பார்த்தது கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில். நம் வீட்டுக் கிருமி என்றே சொல்லலாம். பகாங்கில் 2000 முதல் 2003 வரையிலான பதிவு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 6 பேர் இதற்கு ஆளானதைக் காட்டியது. பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2010இல் மாரான் அருகே லூபுக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களிடையே இதுவும் எலிக்காய்ச்சலும் சேர்ந்து பரவியதில் எட்டு உயிர்கள் போயின. நோய்க்கு முதற்பெரும் வாசல் நீரிழிவு. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4.

இந்தக் கிருமி மனிதத் தோலிலோ தொண்டையிலோ சும்மா குடியிருப்பதில்லை. உடலின் எந்த இடத்திலிருந்து ஒரே ஒருமுறை வளர்ந்தாலும் அது நோய்தான் என்பது மெலியோய்டோசிஸ் மருத்துவத்தின் அடிப்படை. ஆகவே ஒற்றைக் கல்ச்சருக்கு 2 மதிப்பெண் என்ற விதி இங்கே பொருந்தாது. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2013 வழிகாட்டி, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கொடிய கிருமி ஒரே மாதிரியில் வளர்ந்தாலும் தொற்றாகக் கருதலாம் என்கிறது. அந்த விதிவிலக்கை நம் ஆய்வகங்கள் பெயர் சொல்லி விரிக்க வேண்டும்: பர்கோல்டேரியா சூடோமாலியும் காசநோய்க் கிருமியும் ஒருமுறை வளர்ந்தால் போதும்.

எதிர்வாதம் எளிதில் ஊகிக்கக்கூடியது. மாற்று மூட்டுத் தொற்றில் பெரும்பங்கு இங்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ்தான். டார்வின் நகரில் 20 ஆண்டுகளில் சேர்ந்த 540 மெலியோய்டோசிஸ் நோயாளிகளில்கூட மூட்டும் எலும்பும் முதன்மையாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 4 விழுக்காடே. இவ்வளவு அரிதானதற்காக விதியை மாற்றுவதா? அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த விலக்கு யாரையும் கூடுதலாகத் துளைக்கச் சொல்லவில்லை, கூடுதல் சோதனையும் கேட்கவில்லை. ஏற்கெனவே தட்டில் வளர்ந்துவிட்டதைத் தூக்கிப் போடாதே என்கிறது. தூக்கிப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். மூட்டுக்குள் வைக்கும் எலும்புச் சிமெண்டில் வழக்கமாகக் கலக்கும் மருந்து ஜென்டாமைசின். தீபகற்ப மலேசியாவின் இந்தக் கிருமிக்கு ஜென்டாமைசின் இயல்பிலேயே ஒன்றும் செய்யாது. துணைக்குச் சேர்க்கும் வான்கோமைசினும் கிராம் நெகட்டிவ் கிருமியைத் தொடாது. மருத்துவர் முறைப்படி எல்லாம் செய்திருப்பார். ஒரு மருந்தும் வேலை செய்திருக்காது. செஃப்டாசிடிமோ மெரோபெனமோ வாரக்கணக்கில் நரம்பு வழியாகவும், பிறகு கோட்ரைமாக்சசோல் மாதக்கணக்கில் வாய்வழியாகவும் கொடுக்க வேண்டிய நோய் இது.

முகவரியைப் பார்த்து முடிவெடுப்பதும் தவறு. மலையில் இருப்பவர் என்றால் சமவெளியில் வேலை செய்ததே இல்லையா? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 ஆண்டு கழித்து இந்நோய் வெளிப்பட்டதாக 2005இல் பதிவாகியிருக்கிறது. எனவே விண்ணப்பப் படிவத்தில் ‘முட்டி வலி, தொற்றா?’ என்று மொட்டையாக எழுதாமல், மண்வேலை, நீரிழிவு, உள்ளே செயற்கை மூட்டு, கடைசியாக ஆன்டிபயாட்டிக் எடுத்த தேதி என்ற நான்கையும் எழுத வேண்டும். ஆய்வகப் பணியாளரின் பாதுகாப்புக்கும் அது தேவை. இந்தக் கிருமியின் தட்டுக்கு மண்வாசனை உண்டு என்று பாடநூல்கள் சொல்லும். முகர்ந்து பார்க்கக் கூடாது என்றும் சொல்லும்.

மாதிரியின் பயணமும் கவலைக்குரியது. நிர்வாகத்தில் கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்தது. ஆனால் திரிங்காப்பிலிருந்து குவாந்தானைவிட பேராக்கின் ஈப்போதான் பக்கம். எலும்பியல் நிபுணரைப் பார்க்க மக்கள் சிம்பாங் பூலாய் சாலையில்தான் இறங்குகிறார்கள். மூட்டு நீரை மலையிலேயே எடுக்க நேர்ந்தால் அதில் ஒரு பங்கை உடனே இரத்தக் கல்ச்சர் குப்பியில் செலுத்தி, ஐஸில் வைக்காமல் அறை வெப்பத்திலேயே அனுப்பலாம். சிரிஞ்சோடு அனுப்புவதைவிட கிருமி அகப்படும் வாய்ப்பு இதில் அதிகம். ஒரு சொட்டைச் சிறுநீர் சோதிக்கும் பட்டையில் விட்டு லியூக்கோசைட் எஸ்டரேஸ் கட்டத்தின் நிறத்தையும் பார்க்கலாம். இரண்டு பிளஸ் காட்டினால் 2018 அளவுகோலில் 3 மதிப்பெண். இரத்தம் கலந்த நீரில் நிறம் குழம்பும். சுழற்றித் தெளியவைத்த பிறகு பார்க்க வேண்டும். சில காசு விலையுள்ள பட்டை இது.

கிருமியை அடையாளம் காண்பதிலும் விலையுயர்ந்த கருவியைவிட மலிவான வழி நம்பகமானது. தானியங்கிக் கருவிகள் இதை பர்கோல்டேரியா செபேசியா என்றோ தைலாண்டென்சிஸ் என்றோ பிழையாகச் சொன்ன பதிவுகள் உண்டு. ஆக்சிடேஸ் பாசிட்டிவ், ஜென்டாமைசின் வில்லைக்கும் கோலிஸ்டின் வில்லைக்கும் அசையாது, கோ-அமாக்சிக்ளாவுக்குப் பணியும்: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வேறென்று நிரூபிக்கப்படும்வரை மெலியோய்டோசிஸ் என்றே நடத்த வேண்டும்.

இந்த வாய்பாட்டில் சரவாக் மட்டும் இடிக்கிறது. அங்கே பிரித்தெடுக்கப்பட்ட கிருமிகளில் பெரும்பாலானவை ஜென்டாமைசினுக்குப் பணிபவை என்று 2014இல் தெரியவந்தது. ஜென்டாமைசின் கலந்த ஆஷ்டவுன் அகார் தட்டில் அவை வளரவே மாட்டா. சரவாக்கில் நெடுநாள் இருந்துவிட்டு மலைக்கு வேலைக்கு வந்தவரின் மாதிரிக்கு ஜென்டாமைசின் வில்லையின் முடிவை ஒதுக்கிவிட்டு மற்றவற்றை வைத்தே பார்க்க வேண்டும். தட்டும் சாதாரண இரத்த அகாராக இருக்க வேண்டும். படிவத்தில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்க இடமிருந்தால், முன்பு எங்கெங்கே வேலை செய்தார் என்பதற்கு ஒதுக்கலாம்.