வக்பு நிபந்தனையும் ஊர் அருங்காட்சியகமும்

ஹிஜ்ரி 797ஆம் ஆண்டு (கி.பி. 1395) மம்லூக் அரசின் உயரதிகாரியான ஜமாலுத்தீன் மஹ்மூத் அல்-உஸ்தாதார், கெய்ரோவின் ஸுவைலா வாசலுக்கு வெளியே ஒரு மதரஸாவை நிறுவினார். காழி புர்ஹானுத்தீன் இப்னு ஜமாஆ அவர்கள் வாழ்நாளெல்லாம் சேர்த்திருந்த நூல்களை, அவர்கள் மறைவுக்குப் பின் விலைக்கு வாங்கி அங்கே வக்பு செய்தார். அவை ஏறத்தாழ 4,000 தொகுதிகள். எந்த நூலும் மதரஸாவை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை.

நிபந்தனை இருந்தும் நூல்கள் போயின. ஹிஜ்ரி 826இல் (1423) எண்ணிப் பார்த்தபோது பத்தில் ஒரு பங்கு காணப்படவில்லை. பொறுப்பாளர் நீக்கப்பட்டார். அப்பொறுப்பு, புகாரி ஷரீபுக்கு விரிவுரை தந்த ஹாபிள் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானி (ரஹ்) அவர்களிடம் வந்து சேர்ந்தது. அவர்கள் அந்நூலகத்துக்கு இரண்டு பட்டியல்கள் தயாரித்தார்கள்: நூற்பெயர்களின் அகரவரிசையில் ஒன்று, கலைகளின் அடிப்படையில் மற்றொன்று. ஹதீஸ் கலையின் பேரறிஞர் நூலக இருப்பைக் கணக்கிடுவதைத் தமக்குத் தகாத வேலையாகக் கருதவில்லை.

இந்நிகழ்ச்சியை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. நம்முடைய கடற்கரை ஊர்களிலும் உள்நாட்டு ஊர்களிலும் முன்னோரின் நினைவுப் பொருட்களைத் திரட்டிக் காட்சிக்கு வைக்கும் ஆர்வம் வளர்ந்திருக்கிறது. அரபுத்தமிழ்க் கையெழுத்துப்படிகள், நிக்காஹ் பதிவேடுகள், மரக்கலக் கணக்குகள், மீஸான் கற்கள், பழைய பாத்திர பண்டங்கள் ஆகியவற்றைப் பள்ளிவாசலின் ஓர் அறையிலோ மதரஸாவின் மாடியிலோ அடுக்கி, அதற்கு அருங்காட்சியகம் என்று பெயரிடுகிறார்கள். நல்ல முயற்சியே. ஆயினும் திறப்பு விழாவுக்குக் காட்டும் அக்கறையை எழுத்துப்பூர்வமான விதிமுறைகளுக்குக் காட்டுவதில்லை.

இதன் விளைவை நாமே அனுபவித்திருக்கிறோம். பல்லாண்டுகளுக்கு முன் ஓர் ஊரின் நூற்றாண்டு விழாக் கண்காட்சிக்கு, எம் பாட்டனார் கைப்பட எழுதிய அரபுத்தமிழ்ச் சட்டநூல் ஒன்றைக் கொடுத்தோம். சீட்டு எதுவும் கேட்கவில்லை. கேட்பது மரியாதையன்று என எண்ணினோம். விழா முடிந்தது, குழுவினர் மாறினர். புதியவர்கள், அது அன்பளிப்பாக வந்தது என்றார்கள். பிறகு, அப்படியொரு நூலே வரவில்லை என்றார்கள். யாரும் திருடவில்லை என்றே நம்புகிறோம். அது என்ன வகையில் கொடுக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதாமல் விட்டதே அதனை விழுங்கிவிட்டது. கடனை எழுதி வைக்கும்படி ஏவும் அல்-பகரா அத்தியாயத்தின் நீண்ட வசனத்தை மாணவர்க்குப் பலமுறை விளக்கிய நாமே அதனைக் கைவிட்டோம்.

வக்புப் பொருட்களைக் காப்பதற்கென்றே அருங்காட்சியகம் அமைந்த முன்னுதாரணமும் உண்டு. உஸ்மானிய ஆட்சியின் இறுதிக் காலத்தில் பள்ளிவாசல்களிலிருந்து விரிப்புகளும் குர்ஆன் பிரதிகளும் களவு போய் வெளிநாடுகளில் விலைபோயின. அதனைத் தடுக்கும் பொருட்டு, 1914இல் இஸ்தான்புல் சுலைமானிய்யா வளாகத்தில், முன்பு ஏழைகளுக்கு உணவளித்த கட்டடத்திலேயே இஸ்லாமிய வக்பு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் என இன்று உலகறிந்திருப்பது அதன் தொடர்ச்சியே.

சர்வதேச அருங்காட்சியகங்களின் பேரவை 1986இல் ஏற்று 2004இல் திருத்திய ஒழுக்க நெறிகள், ஒவ்வோர் அருங்காட்சியகமும் பொருட்களைப் பெறுதல், பேணுதல், பயன்படுத்துதல் பற்றிய கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்கின்றன. இது நமக்கு அந்நியமானதன்று. ஒரு பொருள் கைமாறும் வகைகளை நம் பிக்ஹு நூல்கள் துல்லியமாகப் பிரித்திருக்கின்றன. உரிமையை மாற்றித் தருவது ஹிபா. பெறுபவர் கைப்பற்றிக்கொள்ளும்போதே அது நிறைவேறும். பயன்பாட்டுக்கு மட்டும் இரவல் தருவது ஆரிய்யத். காப்பதற்கு ஒப்படைப்பது வதீஅத். நிரந்தரமாக அர்ப்பணிப்பது வக்பு. கொடுப்பவர் ஒப்பமிடும் தாளில் இந்நான்கில் ஒன்றைக் குறித்தாலே பாதிச் சச்சரவு தீரும்.

இதிலே மத்ஹபு வேறுபாடும் கவனத்துக்குரியது. ஷாபிஈ மத்ஹபின்படி, அனுமதித்த பயன்பாட்டினால் அன்றி வேறு வகையில் இரவல் பொருள் அழிந்தால், தன் கவனக்குறைவு இல்லாவிடினும் இரவல் பெற்றவரே ஈடு செய்ய வேண்டும். ஹனபி மத்ஹபில் அது அமானிதம். வரம்பு மீறினாலன்றிப் பொறுப்பு இல்லை. இரு மத்ஹபினரும் வாழும் ஊரில், இழப்புக்கு யார் பொறுப்பு என்பதையும் அத்தாளிலேயே எழுதிவிடுவது முறை.

அடுத்தது பதிவேடு. பொருளுக்கு ஓர் எண், வந்த நாள், கொடுத்தவர் பெயர், வந்த வகை, அளவு, நிலை, புகைப்படம் ஆகியவை போதும். கையெழுத்துப்படியில் எண்ணை மையால் எழுதாமல் மென்மையான பென்சிலால் எழுத வேண்டும். கிழிந்த தாளுக்குப் பிசின் நாடா ஒட்டுவதும் பிளாஸ்டிக் உறையால் உருக்கி மூடுவதும் காப்பதாகாது, கெடுப்பதாகும். பதிவேட்டின் மறுபிரதி வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை, பொறுப்பாளர் அல்லாத இருவர் பதிவேட்டை வைத்துப் பொருட்களைச் சரிபார்க்கட்டும்.

சட்டமும் அறியத்தக்கது. 1972ஆம் ஆண்டின் இந்தியத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள 75 ஆண்டு பழமையான கையெழுத்துப்படி தொல்பொருளாகும். பிற பொருட்களுக்கு அவ்வரம்பு 100 ஆண்டு. அவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப இயலாது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் உறவினர் கேட்டாலும் பிரதியெடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

விதி கடுமையாக இருந்தால் மட்டும் போதுமா என்ற வினா எழலாம். மஹ்மூதிய்யா நூலகத்தைப் பற்றியே இமாம் ஜலாலுத்தீன் சுயூத்தி (ரஹ்) அவர்கள் ஒரு சிற்றேடு எழுதினார்கள். வக்பு செய்தவரின் நிபந்தனை மதிக்கப்பட வேண்டியதே. எனினும் அவருடைய நோக்கம் நூல்கள் அழியாமல் அறிஞர்க்குப் பயன்பட வேண்டும் என்பதுதான். ஆகவே அந்நோக்கம் நிறைவேறும் வகையில் இரவல் எடுக்கலாம் என்பது அவர்கள் வாதம். நம் விதிமுறைகளும் இப்படித்தான் அமைய வேண்டும். பூட்டி வைத்த பேழை எவருக்கும் பயன்படாது. கேட்டவர்க்கெல்லாம் திறக்கும் பேழை சில ஆண்டுகளில் வெறுமையாகும். யார், எத்தனை நாள், எந்தச் சீட்டின்மேல் பார்க்கலாம் என்பதை எழுதுவதே நடுவழி.

இறுதியாக, எவரும் எழுத விரும்பாத ஒரு விதி. அருங்காட்சியகம் நடத்த ஆளில்லாமல் போனால் பொருட்கள் யாரைச் சேரும்? நம் முன்னோர் வக்புப் பத்திரம் எழுதியபோது, குறிப்பிட்ட பயனாளிகள் இல்லாமற்போனால் ஏழைகளுக்கு என்று முடிப்பது வழக்கம். ஊரார் பொருளைப் பெறும் நிறுவனமும் தன் முடிவை நினைத்து அதனைத் தொடக்கத்திலேயே எழுத வேண்டும்: இரவல் உரியவரிடமும் அவர் வாரிசுகளிடமும் திரும்பட்டும், வக்புப் பொருள் பிறிதொரு நூலகத்துக்கோ மதரஸாவுக்கோ போகட்டும்.

இவற்றையெல்லாம் நான்கு பக்கங்களில் எழுதி, ஜமாஅத் கூட்டத்தில் படித்து ஒப்பமிட ஒரு மாலைப்பொழுது போதும். எம் பாட்டனாரின் நூல் இனிக் கிடைக்காது. அடுத்த வீட்டுப் பேழையில் இருப்பதை வாங்கச் செல்வோர், கையில் சீட்டுப் புத்தகத்தோடு செல்லட்டும். கொடுப்பவரும் தயங்காமல் சீட்டைக் கேட்டுப் பெறட்டும்.