சுட்ட தக்காளியும் நேப்பிள்ஸ்காரரும்

போன செவ்வாய் இரவு எங்கட அறையில ஒரு சின்னச் சண்டை. வேலை முடிஞ்சு எட்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்தோம். குசினியில் இருந்தது ஒரு பக்கெட் பாஸ்தா, ஆறு தக்காளிப்பழம், வெங்காயம், செத்தல் மிளகாய். தக்காளியை அடுப்பு நெருப்பிலேயே சுட்டு, தோலை உரிச்சு, சம்பலுக்கு மசிக்கிற மாதிரி மசிச்சு, வெங்காயமும் மிளகாயும் சேர்த்துக் கிளறினோம். "இது சோஸ் இல்ல, சம்பல். இத்தாலிக்காரன் கண்டால் அழுவான்" என்றார் எங்களில் ஒருவர். "அசல்" என்ற சொல் அன்றிரவு நாலைந்து தடவை வந்துபோனது. அந்தச் சொல்லில் எங்களுக்கு எப்பவுமே ஒரு சந்தேகம். தேடிப் பார்த்தோம்.

தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பானியர் வழியாக வந்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. 1544 இல் மத்தியோலி என்ற இத்தாலிய மருத்துவர் அதைப் பற்றி எழுதினார். ஆனால் எழுத்தில் ஒரு சோஸாக அது வர 1690கள் ஆகிவிட்டன. எழுதியவர் அந்தோனியோ லத்தீனி. சிறுவயதிலேயே தாய் தகப்பனை இழந்து, வேலைக்காரனாக வளர்ந்து, கடைசியில் நேப்பிள்ஸில் ஒரு ஸ்பானிய அதிகாரியின் வீட்டு விருந்துகளை நடத்தும் பொறுப்புக்கு வந்தவர். 1692 இலும் 1694 இலுமாக இரண்டு தொகுதிகளில் அவரது புத்தகம் வெளிவந்தது. அதில் "ஸ்பானிய முறைத் தக்காளி சோஸ்" என்று ஒன்று இருக்கிறது. செய்முறை இதுதான்: பழுத்த தக்காளி ஆறைத் தணலில் சுட்டு, கருகிய தோலை உரிச்சு, கத்தியால் பொடியாக நறுக்கி, விரும்பிய அளவு வெங்காயம், மிளகாய், ஒரு வாசனை இலை, உப்பு, எண்ணெய், வினாகிரி.

வாசிச்சிட்டு நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். வினாகிரிக்குப் பதில் தேசிக்காய் விட்டால் எங்கட அம்மம்மா செய்யிறதுதானே!

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. தக்காளியைப் போலவே மிளகாயும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறியதுதான். எங்கட பக்கம் அதைக் கொண்டுவந்தது போர்த்துக்கேயர். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. நேப்பிள்ஸும் அவருக்குரியதே. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கையில் விழுந்தபோது, நேப்பிள்ஸ் மீனவனுக்கும் எங்கட மீனவனுக்கும் மேலே இருந்த முடி ஒன்றுதான். ஒருத்தரும் அவர்களைக் கேட்கவில்லை என்பது வேற கதை.

ஆனால் லத்தீனியின் சோஸ் அவிச்ச இறைச்சிக்கு. நேப்பிள்ஸ் தெருவில் மக்கரோனி விற்றது, சாப்பிட்டது எல்லாம் வெறும் துருவிய சீஸோடுதான். 1787 இல் அங்கே போன கோத்தேயும் அப்படித்தான் எழுதி வைத்தார். தக்காளியும் வெர்மிசெல்லியும் ஒன்றாக வருவது, பூவொன்விச்சினோ பிரபு இப்போலிதோ கவல்காந்தி 1839 இல் வெளியிட்ட பதிப்பில். அதிலும் ஒரு விசேஷம்: புத்தகத்தின் மற்றப் பகுதிகள் இத்தாலியத்தில், வீட்டுச் சமையல் பகுதி மட்டும் நேப்பிள்ஸ் பேச்சுமொழியில். பிரபு தன் குசினியில் வேலை செய்தவர்களிடம் கேட்டுத்தான் அதை எழுதியிருப்பார் என்று எங்களுக்குப் படுகிறது. அவர்கள் எத்தனை வருடமாக அப்படிச் சமைத்தார்கள், யார் முதலில் சமைத்தது என்பதெல்லாம் எழுத்தில் இல்லை. எழுதத் தெரிந்தவரின் திகதியைத்தான் நாங்கள் "தொடக்கம்" என்று மனப்பாடம் பண்ணுகிறோம்.

பிறகு ரின் வந்தது. பிரான்செஸ்கோ சீரியோ 1856 இல் தூரினில் பட்டாணியை ரின்னில் அடைக்கத் தொடங்கினார்; தக்காளியும் அந்த வழியில் போனது. கிழமை நாள் இரவில், தோட்டமோ வேலையாளோ இல்லாதவர்கள் சோஸ் வைக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். மார்செல்லா ஹசானின் 1973 ஆம் ஆண்டுப் புத்தகத்தில் உள்ள தக்காளி, பட்டர், வெங்காய சோஸ் சுலபம்தான், ஆனால் முக்கால் மணித்தியாலம் கொதிக்க வேணும். எட்டு மணிக்கு வாறவைக்கு அது சரிவராது.

எங்கட முறைக்குப் பாஸ்தா அவியிற நேரமே காணும். அவிச்ச தண்ணியில அரைக் கோப்பை எடுத்து வையுங்கோ, மசிச்ச தக்காளி இறுகினால் விடலாம். "அசல்" கேட்டவர் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். உறைப்புக் காணாதாம்.