சாவி யார் கையில்?

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். கதை, கவிதை எனக்கு வராது. அதனால் நம்மில் பலர் தினமும் தட்டுகிற ஒரு சின்னக் கட்டளையின் வரலாற்றைச் சொல்கிறேன். ‘கிரியேட்டிபி’ என்று தட்டி ஒரு பெயர் கொடுத்தால் புது டேட்டாபேஸ் தயார். இது எங்கே பிறந்தது தெரியுமா?

தகவல்களை அட்டவணைகளாக அடுக்கும் ‘ரிலேஷனல்’ முறையை 1970-ல் ஐ.பி.எம்.மின் எட்கர் காட் ஒரு கட்டுரையில் விளக்கினார். 1973-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜீன் வாங்கும் அதைச் செய்துகாட்டக் கிளம்பினார்கள். அதுதான் ‘இங்க்ரெஸ்’. கையில் இருந்ததோ பி.டி.பி.-11 கம்ப்யூட்டர், யூனிக்ஸ். ஒரு புரோகிராமுக்கு 64 கிலோபைட் இடம்தான். ஆகவே இங்க்ரெஸை நான்கு துண்டாக்கிப் ‘பைப்’பால் இணைத்தார்கள்.

இடப் பற்றாக்குறையை எப்படியோ சமாளித்தாயிற்று. ஆனால் மெஷின் ஒன்று, ஆட்கள் பலர். ஒருவர் சேர்த்து வைத்ததை இன்னொருவர் அழித்துவிட்டால்? ஃபைலைத் திறந்து வைத்தால் ரகசியம் போச்சு. பூட்டி வைத்தால் யாரோடும் பகிர முடியாது.

அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஃபைல்கள் எல்லாம் ஒரே பொதுப் பயனர் பெயரில் இருக்கும். யூனிக்ஸின் ‘செட்-யூஐடி’ வசதியால் இங்க்ரெஸ் புரோகிராம் ஓடும்போது மட்டும் அதற்கு அந்த அதிகாரம் கிடைக்கும். பேங்க் மாதிரிதான், பணம் நம்முடையது, ஆனால் பெட்டக அறைக்குள் நாம் போவதில்லை, காசாளர்தான் போவார். டேட்டாபேஸ் தொடங்க அனுமதி பெற்றவர்தான் தொடங்கலாம். தொடங்கியவரே அதற்கு நிர்வாகி. யார் எதைப் பார்க்கலாம் என்று சொல்வதும் அவர் பொறுப்பு.

1986-ல் ஸ்டோன்பிரேக்கர் குழு ‘போஸ்ட்கிரெஸ்’ வேலையைத் தொடங்கியது. 1994-ல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு பெர்க்லி மாணவர்கள் அதற்கு எஸ்.க்யூ.எல். மொழியையும், ‘பி-எஸ்க்யூஎல்’ என்ற கட்டளைத் திரையையும் சேர்த்தார்கள். 1996-ல் அதன் பெயர் ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ ஆனது. பழைய வாசனை இன்றும் போகவில்லை. பெயர் கொடுக்காமல் ‘கிரியேட்டிபி’ என்று மட்டும் தட்டிப் பாருங்கள், உங்கள் யூசர் பெயரிலேயே டேட்டாபேஸ் வந்து நிற்கும். மெஷினில் பலர் இருப்பார்கள் என்ற நினைப்பிலேயே வளர்ந்த கருவி அது.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அவசரத்துக்கு டீம் முழுக்க ஒரே அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடும் பழக்கத்தை வேலைக்குப் போன இடங்களில் பார்க்கிறேன். அன்று 64 கிலோபைட்டுக்குள் முட்டி மோதி உண்டாக்கிய பாதுகாப்பை ஒரே நிமிஷத்தில் தூக்கிப் போடுகிற காரியம் அது. ஆளுக்கொரு பெயர், வேலைக்கேற்ற அனுமதி. ப்ராஜெக்ட் சின்னதாக இருக்கும்போதே இதைப் பழகிக்கொள்ளுங்கள்.