பூதம் சொன்ன வான சாஸ்திரம்

ராக்கெட் வந்தால் விஞ்ஞானக் கதை, பூதம் வந்தால் மாயக் கதை என்று பிரித்துவிடுவது சுலபம். இந்தப் பிரிவினைக்கு அகப்படாத கதை ஒன்று உண்டு. கிரகங்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்ட ஜெர்மானிய வான சாஸ்திரி கெப்ளர் எழுதிய 'சோம்னியம்', அதாவது 'கனவு'தான் அது.

ஐஸ்லாந்தில் மூலிகை விற்கும் ஒரு மாது. பூதங்களை அழைக்கத் தெரிந்தவள். அவள் மகன் டைக்கோ பிராஹேயிடம் வான சாஸ்திரம் கற்றுத் திரும்புகிறான். தாய் வரவழைத்த பூதம், மனிதரைச் சந்திர மண்டலத்துக்குத் தூக்கிச் செல்லும் விதத்தை அவனுக்கு விவரிக்கிறது.

இதுவரை பாட்டி கதைதான். ஆனால் இந்தப் பூதம் நினைத்தபோதெல்லாம் பறந்துவிட முடியாது. கிரகணத்தன்று பூமியின் நிழல் சந்திரனைத் தொடும்போதுதான் வழி திறக்கும். அதிகபட்சம் 4 மணி நேரப் பிரயாணம். கிளம்பும் அதிர்ச்சியைத் தாங்கப் பிரயாணிக்கு அபின் கொடுக்க வேண்டும். வழியில் கடுங்குளிர், மூச்சு விடுவதும் கஷ்டம். ஆகவே, மூக்கில் ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். போய்ச் சேர்ந்தாலோ அங்கே ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் நமக்கு ஒரு மாதம்!

மாயக் கதைக்கும் சட்டம் உண்டு. அதை ஆசிரியரே இயற்றுகிறார். விஞ்ஞானக் கதையின் சட்டமோ ஆசிரியர் பிறப்பதற்கு முன்பே இருக்கிறது. கெப்ளரின் பூதமும் அதற்குக் கட்டுப்பட்டது. 1901-ல் வெல்ஸ், ஈர்ப்புச் சக்தியைத் தடுக்கும் பொருள் ஒன்றைக் கற்பித்துத் தம் பாத்திரங்களைச் சந்திரனுக்கு அனுப்பினாரே, அந்தப் பொருளும் ஒரு பூதம்தான்.

இந்த வித்தியாசம் வெறும் இலக்கிய விவகாரமாக நின்றுவிடவில்லை. 1609 வாக்கில் எழுதிய கதை கையெழுத்துப் பிரதியாகவே கைமாறியது. 1615-ல் கெப்ளரின் தாய் கத்தரீனாவைச் சூனியக்காரி என்றார்கள். அவரும் மூலிகை மருந்து அறிந்தவர். கதையில் வந்த மாதுவை வம்பர்கள் நிஜமென்று பிடித்துக்கொண்டதாகக் கெப்ளர் நம்பினார். அண்டை அயலாரின் பகையே காரணம் என்று கருதும் சரித்திர ஆசிரியர்களும் உண்டு. எப்படியானாலும், எழுபது வயது தாண்டிய அந்த அம்மாள் 1620-லிருந்து 14 மாதம் சிறையில் கிடந்தார். மகனே முன்னின்று வாதாடினார். 1621-ல் விடுதலை, அடுத்த வருஷமே மரணம்.

அதன் பிறகுதான் கெப்ளர் அந்தச் சிறு கதைக்கு 223 குறிப்புகள் எழுதினார். கதையைவிடக் குறிப்புகளே நீளம். எது கணக்கு, எது விளையாட்டு என்று அவற்றில் விளக்கினார். புத்தகம் முழுவதுமாக வெளிவந்தது 1634-ல். கெப்ளர் இறந்து அப்போது 4 வருஷம் ஆகியிருந்தது. சிறையிலிருந்த தாயாருக்கு அந்தக் குறிப்புகளால் என்ன பயன்?