ஒரே மலை, மூன்று மாவட்டம்: ஊரடங்கில் வந்த பண்டிகைகள்



பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாமல் வீட்டுக்குள்ளேயே இருந்த கொரோனா காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு அது இப்போதே பழைய கதை. சரித்திரமாக எழுதி வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதற்கு ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம்.

1989 வரை இந்த மலையின் பெரும்பகுதி வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது ஜமுனாமரத்தூர் பக்கம் அதோடு போயிற்று. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து திருப்பத்தூர் பிரிந்தது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவை புது மாவட்டத்துக்குப் போயின. பீஞ்சமந்தைப் பக்கம் வேலூரிலேயே நின்றது. ஆக, ஒரே மலைக்கு மூன்று கலெக்டர்கள். சாதாரண நாளில் இதனால் பெரிய தொல்லை இல்லை. பெண் கொடுத்துப் பெண் எடுக்க யாரும் மாவட்ட எல்லையைப் பார்ப்பதில்லை.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. தமிழ்ப் புத்தாண்டான ஏப்ரல் 14 காலையில்தான், அது மே 3 வரை நீளும் என்ற அறிவிப்பு வந்தது. ஜூன் கடைசியில் இன்னொரு கட்டுப்பாடு: மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். ஆகஸ்ட் முடியும்வரை அது நீடித்தது. பிறந்து ஏழு மாதமே ஆன ஒரு மாவட்ட எல்லை, மலைமேல் அம்மா வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் நடுவே வேலியாக நின்றது.

அந்த ஆண்டு ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2, ஞாயிற்றுக்கிழமை. அம்மாத ஞாயிறுகள் எல்லாம் தமிழகத்தில் முழு ஊரடங்கு. புதுத் தாலிக்கயிறு மாற்ற ஆற்றங்கரைக்குப் போக வழியில்லை. பல வீடுகளில் குடத்து நீரையே ஆறாக நினைத்துக் கும்பிட்டார்கள். சித்ரான்னம் வீட்டிலேயே கிளறி, வீட்டிலேயே சாப்பிட்டார்கள்.

2022 பொங்கல் இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கும். ஜனவரி 14 முதல் 18 வரை கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. காணும் பொங்கல் ஜனவரி 16, அதுவும் ஞாயிறு, அதுவும் முழு ஊரடங்கு. உறவைக் காண்பதற்கென்றே இருக்கும் ஒரு நாள். அன்றைக்கு யாரும் யாரையும் போய்க் காண முடியவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போகிக்கு நம் வீட்டைத்தான் சுத்தம் செய்கிறோம். பொங்கல் நம் வாசலில் பொங்குகிறது. மாட்டுப் பொங்கல் நம் தொழுவத்தில். இந்த மூன்று நாளையும் எந்த ஊரடங்காலும் நிறுத்த முடியவில்லை. நின்றது நான்காம் நாள் மட்டுமே. அதை மட்டும் தனியாக, வீட்டுக்குள் இருந்தபடி கொண்டாட முடியாது.

நகரத்தில் நமக்கு வீடியோ கால் கைகொடுத்தது. ஜவ்வாது மலையிலோ செல்போன் சிக்னல் எட்டாத ஊர்கள் உண்டு. அங்கே பிரிவு என்றால் முழுப் பிரிவுதான். நம் பெற்றோர் காலத்தில் இப்படிப்பட்ட தூரத்தைத் தபால்காரர் குறைத்தார். கரும்பும் பானையும் அச்சிட்ட வாழ்த்து அட்டை வரும், மணியார்டர் வரும். அதில் நான்கு வரி எழுதியிருந்தால் வீடே திரும்பத் திரும்பப் படிக்கும். கையால் எழுதிய அந்த வரிக்குச் சிக்னல் தேவைப்படவில்லை. அந்தப் பழக்கத்தை நாம் கைவிட்டது அவசரப்பட்டோ என்று இப்போது தோன்றுகிறது.

இன்று அந்த இ-பாஸ் இல்லை. ஆனாலும் நம் குடியிருப்பிலேயே பண்டிகைக்கு ஊர் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். இரவு டியூட்டி பார்க்கும் நர்ஸ், கேட்டில் நிற்கும் வாட்ச்மேன், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்கள். இவர்களுக்கு ஒவ்வொரு பொங்கலும் 2022 போலத்தான்.

எனவே இந்த முறை இரண்டு காரியம் செய்யுங்கள். வர முடியாத உறவுக்கு ஒரு தபால் அட்டை, உங்கள் கையெழுத்தில். காணும் பொங்கலன்று உங்கள் பிளாக்கில் தனியாக இருக்கும் ஒருவரின் வீட்டுக்கு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு கிண்ணம் பொங்கலோடு போய் வாருங்கள்.

அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.