நூலகவியற் கல்வியும் தேடக் கற்பித்தலும்

நூலகர் எனில் நூல்களைக் காவல் புரிபவர் என்றே நம் பெரியோர் எண்ணிவந்தனர். அவர்கள் கண்ட நூலகங்கள் அத்தகையனவே. ஆயின் நம் மாநிலத்து நூலகவியற் கல்வியின் தொடக்கத்தை ஆராயுங்கால் வேறொரு நோக்கம் புலனாகின்றது.

சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூலகராக 1924ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற எஸ்.ஆர். அரங்கநாதன், அதற்குமுன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். இலண்டன் சென்று நூலகவியல் பயின்று 1925இல் திரும்பினார். ஆசிரியர் ஒருவர் நூலகரானமையால் விளைந்த நன்மை பெரிது. சென்னை நூலகச் சங்கம் 1929இல் தொடங்கிய கோடைக்காலப் பயிற்சியை 1931இல் பல்கலைக் கழகமே ஏற்றது. 1937இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாயிற்று. புதிய வாசகனுக்கு நூலகத்தை அறிமுகம் செய்து, பட்டியலையும் அடுக்கையும் கையாளப் பழக்குவதை நூலகரின் தனிக்கடமையாகவே அரங்கநாதன் வகுத்துக் காட்டினார். அமெரிக்காவில் பால் சுர்க்கோவ்ஸ்கி என்பார் 1974இல் ‘தகவல் எழுத்தறிவு’ எனும் பெயரை வழங்குதற்கு நெடுநாள் முன்னரே அதன் வித்து இங்கு ஊன்றப்பெற்றது எனலாம்.

வித்து ஊன்றியும் பயிர் எல்லா இடத்தும் விளையவில்லை. நாம் பட்டப்படிப்பிற் சேர்ந்த நாளில் கல்லூரி நூலகத்துக் கம்பிவலை முன் நின்றது இன்றும் நினைவில் உள்ளது. நூலின் எண்ணைச் சீட்டில் எழுதித் தருமாறு கூறினர். எண் எங்குக் கிடைக்கும் என்று வினவ நா எழவில்லை. நம் குடும்பத்தில் அதற்குமுன் கல்லூரி கண்டவர் எவருமிலர். பட்டியல் அட்டைகள் நிறைந்த இழுப்பறை நமக்குப் பின்னாலேயே இருந்தது என்பதை அறிய ஓராண்டு சென்றது! அந்நூலகர் கொடியவர் அல்லர். வகைப்படுத்தலும் பட்டியலாக்கமும் கற்று வந்தவர், கற்பிக்கக் கற்றிலர்.

இன்று அட்டைகள் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன. இடர் மட்டும் வேறுருக் கொண்டது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்த நம் மாணவனொருவன் கைப்பேசியில் தேடியெடுத்த அரசாணை பழையது. புதிய ஆணை வந்திருந்தமையைக் கெடு முடிந்த பின்னரே அறிந்தான். மாதிரிப் பாடம் நடத்தாமல் எவரும் பி.எட். தேறுவதில்லை. நூலகவியல் பயில்வோரும் புதிய மாணவர் சிலரை எதிரே அமர்த்தித் தேடவும், தேடியதை ஐயுறவும் கற்பித்துக் காட்டிய பின்னரே பட்டம் பெறுதல் வேண்டும் என்பது நம் கருத்து. விரிவுரை கேட்டு எழுதும் தேர்வு இதற்குப் போதாது.

நம் சங்கத்துப் படிப்பகத்தில் நூலகவியல் முதுகலை பயிலும் நம் பெண்ணொருத்தி ஞாயிறுதோறும் இப்பணி ஆற்றி வருகின்றாள். ஆணையின் எண், நாள், வெளியிட்ட துறை ஆகிய மூன்றையும் முதலிற் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குகின்றாள். நாற்காலிகள் போதாமையால் பலர் தரையில் அமர்கின்றனர். சென்ற ஞாயிறன்று நாமும் பின்வரிசையில் அமர்ந்து கேட்டோம்.