பவளப்பாறைக்குச் சாந்து பூசும் பாசி: நம் தென் தீவுகளில் நடப்பது என்ன?

சிஸ்டர்ஸ் தீவுகளிலோ செயிண்ட் ஜான்ஸ் தீவிலோ கடல் நன்றாக வற்றும் நேரத்தில் பாறைகளை உற்றுப் பார்த்தால், இளஞ்சிவப்பிலும் ஊதாவிலும் பெயிண்ட் சிந்தியதுபோல் திட்டுத் திட்டாகப் படிந்திருப்பது தெரியும். கல்லோடு கல்லாகத் தோன்றும் அந்தப் படிவம் உயிருள்ள ஒரு பாசி. ஆய்வாளர்கள் ‘கோரல்லைன் பாசி’ என்று அழைக்கும் இதனைத் தமிழில் சுண்ணாம்புப் பாசி எனலாம்.

சிங்கப்பூரின் பவளப்பாறைகளைக் காக்கவும் மீண்டும் வளர்க்கவும் இப்போது பெரிய முயற்சி நடந்துவருகிறது. அந்த முயற்சி நீண்டகாலம் நிலைக்க, பலரும் கண்டுகொள்ளாத இந்தப் பாசியும் நலமாக இருக்கவேண்டும்.

பாசியா, கல்லா?

சுண்ணாம்புப் பாசி சிவப்புப் பாசி வகையைச் சேர்ந்தது. இது தன் செல் சுவர்களில் கால்சியம் கார்பனேட்டைப் படியவைத்துக்கொள்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்புக்காகச் சுடப்படும் கிளிஞ்சலில் இருப்பதும் அதே பொருள்தான். கெட்டியாக இருப்பதால் இதனை நெடுங்காலம் விலங்கினத்தோடு சேர்த்தே எண்ணினர். 1837ல் ஜெர்மானிய இயற்கை அறிஞர் ருடால்ஃப் பிலிப்பி இது தாவரம் என்று தெளிவுபடுத்தினார்.

மிகக் குறைந்த வெளிச்சத்திலும் இது வாழும். 1984ல் பஹாமாஸ் அருகே 268 மீட்டர் ஆழத்தில், சூரிய ஒளி ஏறக்குறைய எட்டாத இடத்தில், இவ்வகைப் பாசி வளர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர்.

இரண்டு வேலைகள்

பவளப்பாறையில் இந்தப் பாசிக்கு இரண்டு முக்கிய வேலைகள் உண்டு. முதலாவது, கொத்தனார் வேலை. உடைந்த பவளத் துண்டுகள், சிப்பி ஓடுகள் ஆகியவற்றின்மீது படர்ந்து, சாந்து பூசியதுபோல் ஒன்றாக இறுக்குகிறது. அந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் அலைகள் துண்டுகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். புரளும் துண்டின்மீது புதிய பவளம் நிலைப்பது கடினம்.

இரண்டாவது, இடம் காட்டும் வேலை. பவளத்தின் குஞ்சுகள் சில நாள்கள் நீரில் மிதந்து திரிந்தபின் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளவேண்டும். ஒருமுறை ஒட்டினால் வாழ்நாள் முழுதும் அங்கேதான். சுண்ணாம்புப் பாசியும் அதன்மேல் வாழும் பாக்டீரியாக்களும் வெளியிடும் வேதிப்பொருள்கள், பல பவள இனங்களின் குஞ்சுகளுக்கு ‘இங்கே இறங்கலாம்’ என்ற அடையாளமாக அமைகின்றன.

சிங்கப்பூர்க் கடலில் பல பவள இனங்கள் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தையொட்டி, பௌர்ணமிக்குப் பின் மூன்று முதல் ஐந்து இரவுகளுக்குள் ஒரே சமயத்தில் முட்டையும் விந்தும் வெளியிடுகின்றன. கடல்சார் ஆய்வாளர் ஜேம்ஸ் கெஸ்ட் 2002ல் இதனை இங்கு பதிவுசெய்தார். அந்தச் சில இரவுகளில் பிறக்கும் குஞ்சுகளுக்கு, ஒட்டிக்கொள்ளச் சுத்தமான, கெட்டியான தளம் கிடைக்கவேண்டும்.

கலங்கிய கடல்

1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த சிங்கப்பூரின் நிலப்பரப்பு இன்று 730 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். நாம் குடியிருக்கும் பேட்டைகள் சிலவும் விமான நிலையமும் துறைமுகமும் கடலிலிருந்து மீட்கப்பட்ட நிலத்தில் எழுந்தவை. அதற்கு ஈடாக, இருந்த பவளப்பாறைகளில் ஏறக்குறைய 60 விழுக்காடு மறைந்துபோனது.

எஞ்சிய பாறைகளுக்கு வண்டல் பெரிய சிக்கல். கலங்கிய நீரில் வெளிச்சம் ஆழத்துக்குப் போவதில்லை. பாறைமேல் படியும் மெல்லிய சேறு சுண்ணாம்புப் பாசியை மூடிவிடும். சேறும் புல்போன்ற வேறு பாசிகளும் பிடித்துக்கொண்ட இடத்தில் பவளக் குஞ்சுகள் எளிதில் இறங்கமாட்டா. கிளி மீன், கடல் முள்ளெலி போன்றவை அப்பாசிகளை மேய்வதால் ஓரளவு இடம் கிடைக்கிறது.

அப்படியும் இங்கு ஏறத்தாழ 250 கடினப் பவள இனங்கள் உள்ளன. பேராசிரியர் சௌ லோக் மிங் முதலியோர் 1980களின் பிற்பாதியில் தொடங்கிய கணக்கெடுப்புகள் இன்னொன்றையும் காட்டின. 3, 4 மீட்டர் ஆழத்தில் 30 விழுக்காடு அளவில் இருந்த பவளப் பரப்பு, முதல் பத்தாண்டில் 18 விழுக்காட்டுக்குச் சரிந்து, 2008 வாக்கில் 37 விழுக்காட்டை எட்டியது. வெளிச்சம் குறைந்த ஆழமான பகுதியில் அத்தகைய மீட்சி இல்லை.

சுண்ணாம்பும் நம்மவரும்

பவளத்துக்கும் தமிழர்களுக்கும் உள்ள தொடர்பு பழையது. 19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் இந்தியக் கைதிகள் கட்டிய கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டபோது, தீவைச் சுற்றியிருந்த பவளத்தை எரித்தும் அதைத் தயாரித்தனர். 1874 முதல் செயிண்ட் ஜான்ஸ் தீவில் இயங்கிய தனிமைப்படுத்தும் நிலையத்தில், கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் தங்கவைக்கப்பட்டனர். இன்று அதே தீவில் தேசியக் கடல்சார் ஆய்வுக்கூடம் இயங்குகிறது.

ராமநாதபுரம், தூத்துக்குடி வட்டாரங்களைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுக்கு மன்னார் வளைகுடாவின் கதை தெரிந்திருக்கும். அங்கும் பல்லாண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்டது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் கடலில் மூழ்கின. 2001ல் இந்தியச் சட்டம் பவளத்துக்கு உச்சப் பாதுகாப்பு அளித்தது. அந்த வளைகுடாவின் குருசடைத் தீவுத் தாவரங்களை 1920களிலேயே ஆராய்ந்து எழுதியவர், இந்தியப் பாசியியலின் முன்னோடியான சென்னைப் பேராசிரியர் எம்.ஓ.பி. ஐயங்கார்.

வெப்பம், எண்ணெய், அமிலம்

கடல்நீரின் வெப்பம் ஏறத்தாழ 31 டிகிரி செல்சியசுக்குமேல் வாரக்கணக்கில் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் நுண்பாசிகளை இழந்து வெளுக்கிறது. சிங்கப்பூரில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பெரிய வெளிறல் நேர்ந்தது. 2024ல் உச்சமாக ஏறத்தாழ 44 விழுக்காட்டுப் பவளங்கள் வெளுத்தன. பெரும்பாலானவை பின்னர் தேறின.

அதே ஆண்டு ஜூன் 14ஆம் தேதி, பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நேர்ந்த கப்பல் விபத்தில் சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. லாப்ரடோர், செந்தோசா, தென் தீவுகளின் கரைகள் வரை எண்ணெய் படர்ந்தது.

நீண்டகால அச்சுறுத்தல், கடல் அமிலமாவது. காற்றிலுள்ள கரியமில வாயு நீரில் கரையும்போது சுண்ணாம்பு உருவாவது கடினமாகிறது. பாசியின் சுண்ணாம்பில் மக்னீசியம் மிகுதி. அதனால் பவளத்தின் சுண்ணாம்பைவிட அது எளிதாகக் கரையக்கூடியது. வீடு கட்டுவதற்கு முன்பே சாந்து இளகிப்போகும் நிலை அது.

100,000 பவளங்கள்

தேசியப் பூங்காக் கழகம் 2014ல் சிஸ்டர்ஸ் தீவுகளில் 40 ஹெக்டர் பரப்பில் முதல் கடல்சார் பூங்காவை அமைத்தது. லாசரஸ் தீவின் தென்பகுதியும் குசு தீவின் பாறைகளும் இரண்டாவது பூங்காவுக்கு அடையாளம் காணப்பட்டுள்ளன. 2024 டிசம்பரில் 100,000 பவளங்களை நடும் திட்டம் தொடங்கியது. குறைந்தது பத்தாண்டுகள் நீடிக்கும் பணி இது. நடப்படும் பவளம் பிடித்து வளர்ந்தால் போதாது. அதன் குஞ்சுகள் பக்கத்துப் பாறையில் தாமாக ஒட்டவும் வேண்டும். அப்போதுதான் பாறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும்.

பார்க்க விரும்புவோர் கவனத்துக்கு

லிட்டில் இந்தியாவிலிருந்து தோபி காட் சென்று ரயில் மாறினால் மரினா சவுத் பியர் நிலையம். அங்கிருந்து செயிண்ட் ஜான்ஸ், குசு தீவுகளுக்குப் படகுகள் உள்ளன. பாறையைக் காணக் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். வழிகாட்டியுடன் செல்லும் நடையில் சேர்ந்துகொள்வது நல்லது. இளஞ்சிவப்புப் பாறைமீது காலை வைக்காதீர்கள். உடைந்த பவளமாக இருந்தாலும் கையில் எடுத்துவராதீர்கள். கல் என்று நினைத்துப் பிள்ளைகள் பொறுக்கும் துண்டின்மேல் அடுத்த தலைமுறைப் பவளம் ஒட்டியிருக்கக்கூடும்.